பிளாஸ்மா அமினோ அமிலங்கள் ஜிசி-எம்எஸ்ஸில்: லூசின் சரி, குளுட்டமின் குறைவு, ஆர்ஜினினைக் காணவில்லை

பிரிகைக்குழல் கேட்டது:

வணக்கம். மனித பிளாஸ்மாவிலுள்ள அமினோ அமிலங்களை ஜிசி-எம்எஸ் (வளிமப் பிரிகையோடு நிறைமானி இணைந்த) கருவியில் ஒரே ஓட்டத்தில் அளக்க வேண்டும். இப்போதைய செய்முறை இதுதான்:

ஈடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மா 100 மைக்ரோலிட்டர். அதில் நார்வாலின் மட்டும் இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில்) சேர்க்கிறோம். குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் 400 மைக்ரோலிட்டர் ஊற்றிப் புரதத்தை வீழ்த்தி, 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை 60 °செ சூட்டில் நைட்ரஜன் ஊதி உலர்த்துகிறோம். பிறகு அசிட்டோநைட்ரைல் 50, அமினோ அமிலங்களில் சிலைல் தொகுதிகளை ஒட்டி ஆவியாகவைக்கும் வினைப்பொருளான எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ (1% டிபிடிஎம்சிஎஸ் கலந்தது) 50 மைக்ரோலிட்டர் சேர்த்து 70 °செ, 30 நிமிடம். டிபி-5எம்எஸ் காலம் (பிரிகைக் குழாய்), 30 மீ × 0.25 மிமீ × 0.25 மைக்ரான். ஸ்ப்ளிட் இல்லாமல் 1 மைக்ரோலிட்டர் இன்ஜெக்ஷன்.

வாலின், லூசின், ஐசோலூசின், ஃபினைல்அலனின் நான்கும் நாளுக்கு நாள் 5 சதவீத விலகலுக்குள் நிற்கின்றன. சிக்கல் மற்றவற்றில்:

குளுட்டமின் 250 மைக்ரோமோல்/லிட்டர் அளவில்தான் வருகிறது. குளுட்டமேட் 150-ஐத் தாண்டுகிறது.

ஆர்ஜினினுக்கு பீக் இல்லை. ஆர்னிதின் மட்டும் மிக அதிகம்.

செரின், திரியோனின் சில நாள்களில் இரண்டிரண்டு பீக்காகப் பிரிகின்றன. மறுநாள் ஒன்றாகிவிடுகின்றன.

அலனினும் கிளைசினும் முன்பக்கம் சாய்ந்த பீக்குகளாக வருகின்றன.

நீரில் கரைத்த ஸ்டாண்டர்டுகளில் இவற்றில் பாதிச் சிக்கல் தெரிவதே இல்லை. பிளாஸ்மாவிலுள்ள குளுக்கோஸ் வினைப்பொருளைத் தின்றுவிடுகிறது என்று நினைத்து எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ-வை 100 மைக்ரோலிட்டராக உயர்த்தியும் பெரிய மாற்றம் இல்லை. எங்கே தொடங்கிச் சரிசெய்வது?

---

அயனி302 எழுதியது:

நான்கும் நான்கு வேறு காரணங்கள். ஒரே மருந்தால் நான்கும் தீராது. முதலில் செரின், திரியோனின்.

குளுக்கோஸ் மீதான சந்தேகத்தை ஒரு கணக்குப் போட்டு விலக்கிவிடலாம். எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ-வின் மூலக்கூறு நிறை 241. 50 மைக்ரோலிட்டரில் சுமார் 210 மைக்ரோமோல் இருக்கிறது. 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் குளுக்கோஸ் ஏறத்தாழ 0.5 மைக்ரோமோல். அதன் ஐந்து ஹைட்ராக்சில்களும் வினைபுரிந்தாலும் செலவு 2.5 மைக்ரோமோல்தான். யூரியாவுக்கு இன்னொரு 1 மைக்ரோமோல் வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலங்கள் எல்லாம் சேர்ந்தும் 1 மைக்ரோமோலை எட்டாது. ஆக, தேவையைப் போல நாற்பது மடங்குக்கு மேல் வினைப்பொருள் குப்பியில் இருக்கிறது. அளவை இரட்டிப்பாக்கியும் மாறாததில் வியப்பில்லை.

தின்பது நீர். 1 மைக்ரோலிட்டர் நீர் என்பது 55 மைக்ரோமோல். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் இரண்டு சிலைல் தொகுதிகளை விழுங்கி டைசிலாக்சேன் ஆகிறது. குப்பியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் 2 மைக்ரோலிட்டர் ஈரம் தங்கினாலே 50 மைக்ரோலிட்டர் வினைப்பொருளும் தீர்ந்தது. பிளாஸ்மாவின் உப்புகள் உலர்ந்தபின் படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நீரில் கரைத்த ஸ்டாண்டர்டில் அந்த உப்பு கிடையாது, அதனால்தான் அங்கே சிக்கல் தெரிவதில்லை. சில நாள் வருவதும் சில நாள் மறைவதும் உலர்த்தல் நாளுக்கு நாள் மாறுவதால்.

உறுதிசெய்ய எளிய வழி: செரினின் முழு வடிவத்தில் மூன்று டிபிடிஎம்எஸ் தொகுதிகள் (எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ ஒட்டும் சிலைல் தொகுதி), அதன் எம்-57 அயனி (முழு மூலக்கூறு நிறையில் 57 குறைந்த துண்டு) 390. இரண்டு தொகுதிகளோடு நின்றுவிட்ட வடிவத்துக்கு 276. திரியோனினில் அதே இணை 404, 290. இரண்டாவது பீக்கில் 276 தெரிந்தால் வினை பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். 276-க்கும் 390-க்கும் உள்ள பீக் பரப்பு விகிதத்தை ஒவ்வொரு தொகுதி மாதிரிக்கும் எழுதிவைத்து வாருங்கள். உலர்த்தல் எப்படி நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

உலர்த்தும் முறை: சூடு 35 °செ-க்கு மேல் வேண்டாம், காரணம் குளுட்டமின் பற்றிப் பேசும்போது வரும். முழுதும் உலர்ந்தது போலத் தெரிந்தபின் நீரற்ற அசிட்டோநைட்ரைல் 100 மைக்ரோலிட்டர் சேர்த்து, குழாயின் சுவரையும் நனைத்து, மறுபடி உலர்த்துங்கள். இரண்டு முறை. பலர் இதற்கு டைகுளோரோமீத்தேன் பயன்படுத்துகிறார்கள், அதுவும் சரி. ஆனால் கொதிகலவைக் (நீரோடு சேர்ந்தே ஆவியாகும் கலவை) கணக்கில் டைகுளோரோமீத்தேன் தன்னோடு 1 முதல் 1.5 சதவீத நீரைத்தான் கொண்டுபோகும். அசிட்டோநைட்ரைல் 16 சதவீதம் வரை. மீதி ஈரம் அதிகம் என்ற சந்தேகம் இருந்தால் அசிட்டோநைட்ரைலே மேல். உலர்ந்த குழாயை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. உடனே வினைப்பொருள் சேர்த்து மூடுங்கள், அல்லது டெசிக்கேட்டரில் வையுங்கள். எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ-வை 1 மில்லி ஆம்பூல்களாக வாங்கி, உடைத்ததை அன்றே முடிப்பது நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஆம்பூல் அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே வடியும்.

அசிட்டோநைட்ரைலால் புரதத்தை மட்டும் நீக்கிவிட்டு நேரே டெரிவடைசேஷனுக்கு (எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ வினைக்கு) போவதைக் கைவிடச் சொல்வேன். கேஷன் பரிமாற்ற ரெசின் வழியாக ஒருமுறை செலுத்துங்கள். சர்க்கரை வினைப்பொருளைத் தின்னும் என்பதற்காக அல்ல. கரிம அமிலங்கள், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கழுவிப்போனால் குரோமட்டோகிராம் தெளிவாகும், இன்லெட்டின் கண்ணாடி லைனர் நெடுநாள் உழைக்கும், உலர்ந்த படிவில் அமினோ அமிலமும் குளுக்கோஸும் சேர்ந்து சூடாகிப் பழுப்பாவதும் நிற்கும். டெரிவடைசேஷன் முடிந்த குப்பி தேநீர் நிறத்தில் இருந்தால் அந்தப் பழுப்பாதல் நடந்திருக்கிறது.

ரெசின் செய்முறை: ஏஜி 50டபிள்யூ-எக்ஸ்8, 100–200 மெஷ், ஹைட்ரஜன் வடிவம், 0.5 மில்லி படுகை. ஈரநிலையில் இதன் கொள்ளளவு மில்லிக்கு 1.7 மில்லிஈக்விவலென்ட். 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவின் சோடியம் 0.014 மட்டுமே, எனவே இடம் தாராளம்.

பிளாஸ்மா 100 + இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கலவை 20 மைக்ரோலிட்டர். கலக்கி 10 நிமிடம் விடவும். 1 மோலார் அசிட்டிக் அமிலம் 1 மில்லி சேர்த்து அப்படியே காலத்தில் ஏற்றவும். ஆல்புமின் போன்ற பெரிய புரதங்கள் ரெசின் மணிகளுக்குள் நுழைய முடியாமல் வெளியே ஓடிவிடும். நீர் 2 மில்லி வீதம் இரண்டு முறை கழுவவும். பிறகு 4 மோலார் அம்மோனியா 1 மில்லி வீதம் இரண்டு முறை விட்டு, வடிவதைக் கண்ணாடிக் குழாயில் பிடிக்கவும். படுகை இடையில் வறண்டு பிளக்கக் கூடாது. வெடிப்பு விழுந்தால் திரவம் அந்த வழியே ஓடி, மீட்பளவு குறையும். அம்மோனியா கரைசலை முதல் 15 நிமிடம் நைட்ரஜன் ஊதி, அம்மோனியா பெரும்பகுதி போனபிறகு வெற்றிடச் சுழற்றியில் வையுங்கள். நேரே வெற்றிடம் கொடுத்தால் பொங்கி வழியும்.

சாய்ந்த பீக்குகள்: இது வெறும் மிகைச்சுமை. உங்கள் குப்பியில் 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவின் சரக்கு 100 மைக்ரோலிட்டர் திரவத்தில் இருக்கிறது. அலனின் 350 மைக்ரோமோல்/லிட்டர் என்றால் 1 மைக்ரோலிட்டரில் 350 பிகோமோல். அதன் டெரிவடிவ் நிறை 317, ஆகவே 110 நானோகிராம் ஒரே பீக்காகக் காலத்தில் விழுகிறது. 0.25 மைக்ரான் படலத்துக்கு அது அதிகம். ஸ்ப்ளிட் 1:15 வையுங்கள், அதாவது ஏற்றியதில் சிறு பங்கு மட்டும் காலத்துக்குள் போகட்டும். 5 மைக்ரோமோல்/லிட்டர் மட்டுமே உள்ள அஸ்பார்டேட்டுக்கும் அதன் 418 அயனியைத் தனித்துப் பார்த்தால் அது போதும்.

---

குருதிச்சாறு எழுதியது:

கருவிக்கு வருமுன் நடப்பதையும் பார்த்துவிடுங்கள். குளுட்டமேட் 150-இல் பாதி அங்கேயே வந்திருக்கலாம்.

ஈடிடிஏ-வைவிட லித்தியம் ஹெப்பாரின் குழாய் நல்லது. ஈடிடிஏ-விலேயே நான்கு கார்பாக்சில் தொகுதிகள் உள்ளன, அதுவும் சிலைலேஷனுக்கு உள்ளாகும். சீரம் வேண்டவே வேண்டாம்: இரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகளும் செல்களும் குளுட்டமேட், அஸ்பார்டேட், டாரின் ஆகியவற்றை வெளிவிடுகின்றன.

இரத்தம் எடுத்ததும் பனிநீரில் வைத்து 30 நிமிடத்துக்குள் 4 °செ-இல் சுழற்றிப் பிரிக்கவும். பிளாஸ்மாவை எடுக்கும்போது வெள்ளணுப் படலத்துக்கு மேலே 3–4 மிமீ விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச ஆசைப்பட்டால் அதனோடு பிளேட்லெட்டுகளும் வரும்.

பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் ஆர்ஜினினையும் ஆர்னிதினையும் நம்பாதீர்கள். சிவப்பணுவிலிருக்கும் ஆர்ஜினேஸ் நொதி வெளிவந்து ஆர்ஜினினை ஆர்னிதினாக வெட்டுகிறது. ஆர்னிதின் ஏற்றத்துக்கு இது ஒரு காரணம். கருவிக்குள் நடப்பது இன்னொரு காரணம். இரண்டும் ஒரே திசையில் தள்ளுவதால் பிரித்தறிவது கடினம்.

சேமிப்பு −80 °செ. −20-இல் வாரக்கணக்கில் கிடந்த மாதிரியில் குளுட்டமின் இறங்கி, குளுட்டமேட் ஏறியிருக்கும். சிஸ்டினும் ஹோமோசிஸ்டினும் வேண்டுமென்றால் அன்றே புரதம் நீக்கியாக வேண்டும்; வைத்திருந்தால் அவை பிளாஸ்மா புரதங்களில் டைசல்ஃபைடு பிணைப்பாக ஒட்டி, வீழ்படிவோடு போய்விடும்.

---

நிறைநோக்கி எழுதியது:

குளுட்டமின் பற்றி. இது இரண்டு வழிகளில் தொலைகிறது. அமைடு நீராற்பகுத்துக் குளுட்டமேட் ஆவது ஒன்று. அம்மோனியாவை இழந்து, வளைந்து மூடி, பைரோகுளுட்டமேட் ஆவது இன்னொன்று. 60 °செ உலர்த்தல், 70 °செ டெரிவடைசேஷன், 280 °செ இன்லெட் என்று ஒவ்வொரு சூடும் இரண்டாவதற்குத் துணை. குளுட்டமேட்டும் தன் பங்குக்கு வளைந்து பைரோகுளுட்டமேட் ஆகும். ஆக உங்கள் கையில் இருப்பது ஒன்றுக்குள் ஒன்று கசியும் மூன்று பாத்திரங்கள்.

இங்கே ரெசினின் ஒரு நடத்தையைக் கவனிக்க வேண்டும். பைரோகுளுட்டமேட்டில் இலவச அமினோ தொகுதி இல்லை. கேஷன் ரெசினில் நிற்காமல் கழுவுநீரோடு போய்விடும். அதனால் ரெசினுக்கு முன்பு உருவானது எதுவும் இறுதியில் தெரியாது. ரெசினுக்குப் பிறகு குரோமட்டோகிராமில் தெரியும் பைரோகுளுட்டமேட் முழுவதும் உலர்த்தலிலும் டெரிவடைசேஷனிலும் இன்லெட்டிலும் பிறந்தது. அதன் இரு-டிபிடிஎம்எஸ் வடிவத்தின் எம்-57 அயனி 300. லைசினும் 300 தரும், ஆனால் வெகு நேரம் கழித்து. தூய பைரோகுளுட்டமேட்டை ஒருமுறை ஏற்றி அதன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கசிகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். ஐந்து கார்பனும் கார்பன்-13 ஆன குளுட்டமினை மட்டும் 50 நானோமோல் நீரில் எடுத்து, வேறு எதுவும் சேர்க்காமல், முழுச் செய்முறையையும் ஓட்டுங்கள். பிறகு மூன்று அயனிகளைப் பாருங்கள்: குளுட்டமினாகவே நின்றது 436, குளுட்டமேட் ஆனது 437, பைரோகுளுட்டமேட் ஆனது 305. மூன்றுக்கும் தனித்தனி கேலிபரேஷன் போட்டு நானோமோலாக மாற்றினால் கசிவு சதவீதம் கையில். பிறகு அதே குளுட்டமினை ரெசினுக்கு முன், உலர்த்தலுக்கு முன், டெரிவடைசேஷனுக்கு முன் என்று தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் படியில் தொலைகிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு நாள் வேலை. அது இல்லாமல் செய்முறையை மாற்றுவது இருட்டில் கல்லெறிவது.

பொதுவாகப் பலன் தரும் மாற்றங்கள்: உலர்த்தல் 35 °செ-க்குள், புரதம் வீழ்த்த வலுவான அமிலம் சேர்த்திருந்தால் அதோடு சூடாக்காமல் இருப்பது, டெரிவடைசேஷனை 100 °செ-க்குக் கொண்டுபோகாமல் 70-இலேயே நிறுத்திக்கொள்வது, இன்லெட் 250 °செ. லைசின், ஹிஸ்டிடின், குளுட்டமேட் போன்றவற்றுக்கு 70 °செ-இல் 30 நிமிடம் போதாமல் போகலாம். ஸ்டாண்டர்ட் கலவையை 20, 40, 60, 90 நிமிடம் வைத்து, பீக் பரப்பு ஏறுவது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 60 நிமிடம் எல்லோருக்கும் பொதுவான சமரசமாக அமையும்.

ஆர்ஜினின்: சிலைலேஷன் வழியில் இதை விட்டுவிடுங்கள். குவானிடினோ தொகுதி சூட்டில் நிலைப்பதில்லை; ஆர்ஜினினும் சிட்ருலினும் சிதைந்து ஆர்னிதினாகத் தெரிகின்றன. அதாவது நீங்கள் ஆர்னிதின் என்று எழுதும் எண் மூன்றின் கூட்டு. அறிக்கையில் ஆர்ஜினின், சிட்ருலின் இரண்டையும் நீக்கி, ஆர்னிதினையும் எழுதாமல் விடுவதே நேர்மை. இந்த மூன்றும் ஆய்வின் மையம் என்றால் எல்சி-எம்எஸ் (திரவப் பிரிகையோடு நிறைமானி) கருவிக்குத்தான் போக வேண்டும்.

வேறொரு பாதையும் உண்டு: குளோரோஃபார்மேட். 1991-இல் ஹுஷெக் எத்தில் குளோரோஃபார்மேட் கொண்டு நீர்க்கரைசலிலேயே அமினோ அமிலங்களை நொடிகளில் டெரிவடைஸ் செய்யும் முறையை வெளியிட்டார். உலர்த்தலும் இல்லை, சூடும் இல்லை. நீர்:எத்தனால்:பிரிடின் 60:32:8 விகிதக் கலவை 60 மைக்ரோலிட்டரில் மாதிரி. எத்தில் குளோரோஃபார்மேட் 5 மைக்ரோலிட்டர். மூடாமல் குலுக்கவும், கார்பன் டையாக்சைடு பொங்கி வெளியேறும். பிறகு 1% எத்தில் குளோரோஃபார்மேட் கலந்த குளோரோஃபார்ம் 100 மைக்ரோலிட்டரால் பிரித்தெடுத்து, அந்தக் கீழ்ப்படலத்தை ஏற்றவும். எஸ்டர் தொகுதி 73 நிறையோடு பிய்ந்துபோன அயனிகள் ஓங்கி நிற்கும்: அலனின் 116, வாலின் 144, லூசின் 158. குளுட்டமினுக்கு இது மென்மையான வழி. ஆனால் ஆர்ஜினின் இதிலும் வராது, அந்தக் குவானிடினோ தொகுதியைக் குளோரோஃபார்மேட் மூடுவதில்லை. எத்தில் குளோரோஃபார்மேட் ஆவி நச்சு, கண்ணைக் கரிக்கும். புகைக்கூண்டுக்கு வெளியே குப்பியைத் திறக்காதீர்கள்.

எதற்கு எது? கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களும் கார்பன்-13 தடங்களைப் பின்தொடர்வதும் நோக்கம் என்றால் எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ-வை விடாதீர்கள். எம்-57 அயனியில் அமினோ அமிலத்தின் எல்லாக் கார்பன்களும் அப்படியே இருக்கின்றன, அந்த வசதி குளோரோஃபார்மேட் வழியின் முதன்மை அயனிகளில் கிடையாது. நாளுக்கு நூறு மாதிரி, வெறும் செறிவு மட்டும் என்றால் குளோரோஃபார்மேட். பிஎஸ்டிஎஃப்ஏ (டிஎம்எஸ் என்ற சிறிய சிலைல் தொகுதியை ஒட்டும் வினைப்பொருள்) பக்கம் திரும்ப வேண்டாம்: அமினோ தொகுதியில் ஒரு டிஎம்எஸ், இரண்டு டிஎம்எஸ் என்று இரண்டாகப் பிரியும். கிளைசின் ஒன்றே 102 முதன்மையாக ஒரு பீக், 174 முதன்மையாக இன்னொரு பீக் என்று வரும்.

---

பிரிகைக்குழல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நீர் பற்றிய கணக்கு கண்ணைத் திறந்தது. 276/390 விகிதத்தை இன்றிலிருந்தே குறிக்கத் தொடங்குகிறோம்.

இரண்டு கேள்விகள் மீதம். நார்வாலினுக்குப் பதிலாக ஐசோடோப்பு இட்ட ஸ்டாண்டர்டுகளுக்குப் போனால் எதை எதற்குத் தேர்ந்தெடுப்பது? பிளாஸ்மாவில் அமினோ அமிலம் ஏற்கெனவே இருக்கும்போது கேலிபரேஷனை எதில் போடுவது?

---

அயனி302 எழுதியது:

நார்வாலின் வாலினுக்கும் லூசினுக்கும் நன்றாகத் துணைபோகிறது, ஏனென்றால் வேதியியலில் அவற்றின் உடன்பிறப்பு. லைசினுக்கும் குளுட்டமேட்டுக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. ஈரத்தால் லைசின் 30 சதவீதம் குறைந்தாலும் நார்வாலின் குறையாது. ஒவ்வொன்றுக்கும் அதன் ஐசோடோப்பு இரட்டையே சரியான துணை.

தேர்வில் முதல் விதி, நிறை வேறுபாடு 3 அல்லது அதற்கு மேல். காரணம் சிலிக்கான். இயற்கைச் சிலிக்கானில் 29-உம் 30-உம் கணிசமாக உள்ளன. லூசினின் 302 அயனியில் இரண்டு சிலிக்கான், 14 கார்பன். 302-ஐ 100 என்றால் 303 ஏறத்தாழ 26, 304 ஏறத்தாழ 10, 305 ஏறத்தாழ 1.5. மூன்று சிலிக்கான் உள்ள செரினில் +3 இடத்திலும் 3 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஒரே ஒரு கார்பன்-13 உள்ள லூசினை இன்டர்னல் ஸ்டாண்டர்டாக வைத்தால் அதன் அயனியில் கால்வாசிக்கு மேல் இயற்கை லூசினின் நிழல் விழும். இந்த நிழல் +3-இலும் முழுதாக மறைவதில்லை. இயற்கை லூசின் ஸ்டாண்டர்டைப் போலப் பத்து மடங்கு இருந்தால் 305-இல் ஏறத்தாழ 13 சதவீதம் அதனுடையது. ஆகவே ஸ்டாண்டர்டின் அளவைப் பிளாஸ்மாவின் நடு அளவுக்கு அருகில் வையுங்கள். லூசினுக்கு 250 மைக்ரோமோல்/லிட்டர் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 5 நானோமோல். 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு அது 50 மைக்ரோமோல்/லிட்டர். இரட்டிப்பாக்கினால் இன்னும் பொருத்தம். கேலிபரேஷனும் இதே ஸ்டாண்டர்ட் அளவோடு போகும்போது எஞ்சிய நிழலின் பெரும்பகுதி கோட்டின் வளைவுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது விதி, நிறைநோக்கி சொன்ன கசிவிலிருந்து வருகிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது. ஐந்து கார்பன்-13 உள்ள குளுட்டமினையும் ஐந்து கார்பன்-13 உள்ள குளுட்டமேட்டையும் ஒன்றாகச் சேர்த்தால், சிதைந்த குளுட்டமின் ஸ்டாண்டர்ட் குளுட்டமேட் ஸ்டாண்டர்டின் 437 அயனியிலேயே போய் உட்காரும். ஸ்டாண்டர்ட் வீங்கும், குளுட்டமேட்டின் அளவு பொய்யாகக் குறையும். கசிவு நாளுக்கு நாள் மாறினால் எண்ணும் கூடவே ஆடும். குளுட்டமினுக்கு +5, குளுட்டமேட்டுக்கு டியூட்டீரியம் மூன்று உள்ள +3 என்று பிரித்து வையுங்கள். அப்போது 435 குளுட்டமேட் ஸ்டாண்டர்ட், 437 (435-இன் ஐசோடோப்பு நிழலைக் கழித்தபின்) கசிவு. ஒவ்வொரு மாதிரியிலும் கசிவை நேரடியாகப் பார்க்கும் வசதியும் கிடைக்கிறது. அதைக் கொண்டு இயற்கைக் குளுட்டமினிலிருந்து வந்த குளுட்டமேட்டைக் கழிக்கவும் முடியும்.

பாசி நீராற்பகுப்பிலிருந்து வரும் கார்பன்-13, நைட்ரஜன்-15 கலவைகள் வசதியானவை, ஒரே குப்பியில் பதினைந்துக்கு மேல் கிடைக்கும். ஆனால் அமில நீராற்பகுப்பில் குளுட்டமினும் அஸ்பராஜினும் குளுட்டமேட், அஸ்பார்டேட் ஆகிவிடுகின்றன, டிரிப்டோஃபான் அழிகிறது. அந்த மூன்றையும் தனியாக வாங்க வேண்டும்.

டியூட்டீரியம் பல உள்ள ஸ்டாண்டர்ட் இயற்கை வடிவத்துக்குச் சற்று முன்னதாகவே காலத்தைவிட்டு வரும். டி10 லூசினுக்கு இது கண்ணுக்கே தெரியும். நேரச் சாளரத்தை இறுக்கமாக வைத்திருந்தால் பீக்கின் முன்பக்கம் வெட்டுப்படும்.

அயனிகள், எம்-57 வரிசை: அலனின் 260, கிளைசின் 246, வாலின் 288, லூசின் 302, ஐசோலூசின் 302, புரோலின் 286, மெத்தியோனின் 320, செரின் 390, திரியோனின் 404, ஃபினைல்அலனின் 336, அஸ்பார்டேட் 418, குளுட்டமேட் 432, அஸ்பராஜின் 417, லைசின் 431, குளுட்டமின் 431, ஹிஸ்டிடின் 440, டைரோசின் 466. உறுதிசெய்ய எம்-85 அல்லது எம்-159: வாலினில் 260, 186, லூசினில் 274, 200.

மூன்று இடங்களில் நிறை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. லூசினும் ஐசோலூசினும் எல்லா அயனிகளிலும் ஒன்றே, நேரம்தான் பிரிக்கும். லைசின், குளுட்டமின் இரண்டுக்கும் 431. அஸ்பராஜின், ஆர்னிதின் இரண்டுக்கும் 417. தனித்தனி ஸ்டாண்டர்ட் ஏற்றி நேரங்களைப் பதிவுசெய்த பிறகே கலவைக்குப் போங்கள். இன்னொன்று: டிபிடிஎம்எஸ் டெரிவடிவ்களில் முதல் இரண்டு கார்பன்களை மட்டும் கொண்ட 302 துண்டு பொதுவாகவே வரும், லூசினின் எம்-57-உம் 302. செறிவுக்கு இது தொந்தரவில்லை. கார்பன்-13 தடம் பார்ப்பவர்கள் லூசினுக்கு 274-ஐ எடுக்க வேண்டும்.

அயனிகளை நேரச் சாளரங்களாகப் பிரியுங்கள், ஒரு சாளரத்தில் 6 முதல் 10. ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிநொடி. 4 நொடி அகலமுள்ள பீக்குக்கு இருபதுக்கு அருகில் புள்ளிகள் கிடைக்கும். பத்துக்குக் கீழே போனால் பரப்பு ஆடும். அடுப்பு 100 °செ 1 நிமிடம், நிமிடத்துக்கு 10 °செ வீதம் 300 வரை, அங்கே 6 நிமிடம். ஹீலியம் நிமிடத்துக்கு 1.2 மில்லி. இதிலிருந்து தொடங்கலாம்.

கேலிபரேஷன்: நீரில் போடுங்கள், ஆனால் ஸ்டாண்டர்டுகளும் ரெசின் தொடங்கி முழுச் செய்முறையையும் கடந்தாக வேண்டும். ஏழு புள்ளிகள்; குளுட்டமினுக்கு 50 முதல் 1500, குளுட்டமேட்டுக்கு 5 முதல் 300, அஸ்பார்டேட்டுக்கு 1 முதல் 50 மைக்ரோமோல்/லிட்டர். எல்லாவற்றுக்கும் ஒரே செறிவில் தொடர் நீர்த்தல் செய்வது பரவலான தவறு. அஸ்பார்டேட்டின் எண்ணெல்லாம் கோட்டின் அடிமூலையில் போய்க் கிடக்கும். எடையிட்ட பின்னடைவு, 1/எக்ஸ். பிறகு பொதுப் பிளாஸ்மா ஒன்றில் மூன்று அளவுகள் கூடுதலாகச் சேர்த்து, அதன் சரிவை நீர்க்கோட்டின் சரிவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் 5 சதவீதத்துக்குள் ஒத்தால் நீர்க்கோடு பிளாஸ்மாவுக்கும் செல்லும். ஒவ்வாதது எதுவோ அதன் இன்டர்னல் ஸ்டாண்டர்ட்தான் தவறு. உண்மை மதிப்போடு ஒப்பிட அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி-யின் எஸ்ஆர்எம் 1950 என்ற ஒப்பீட்டுப் பிளாஸ்மா இருக்கிறது. அதில் பல அமினோ அமிலங்களுக்குச் சான்றளித்த செறிவுகள் தரப்பட்டுள்ளன.

---

குருதிச்சாறு எழுதியது:

விட்டுப்போன சில.

ஊசியை மெத்தனாலில் கழுவும்படி ஆட்டோசாம்ப்ளரில் அமைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஊசியில் தங்கும் மெத்தனால் அடுத்த குப்பியின் எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ-வோடு வினைபுரியும். அசிட்டோநைட்ரைலும் ஹெக்சேனும் போதும். ஒருமுறை துளைத்த செப்டம் வழியாகக் காற்றின் ஈரம் இறங்கும். அன்றன்று டெரிவடைஸ் செய்ததை 24 மணி நேரத்துக்குள் ஏற்றி முடியுங்கள். பத்து மாதிரிக்கு ஒரு பொதுப் பிளாஸ்மா குப்பி வையுங்கள்.

வினைப்பொருள் வெளியேறும் முதல் நிமிடங்களில் ஃபிலமென்ட் அணைந்திருக்க வேண்டும், ஆனால் அலனின் வருமுன் எரிய வேண்டும். சிலைல் வினைப்பொருள் அயனிமூலத்தில் சிலிக்காவாகப் படிந்து உணர்திறனைக் குறைக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைக் காலத்தில் இதை ஒருபோதும் ஏற்றாதீர்கள். படலத்தையே சிலைலேஷன் செய்து பாழாக்கிவிடும்.

வெற்றுக் குப்பி ஒன்றை, பிளாஸ்மாவுக்குப் பதில் நீர் வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டுங்கள். அதில் செரின், கிளைசின், அலனின் மூன்றும் சேர்ந்து தெரிந்தால் விரல்பட்டிருக்கிறது. வியர்வையில் இவை நிறைய. கையுறையோடு தொட்ட குழாயிலும் வந்தால் ரெசினைச் சந்தேகியுங்கள். புது ரெசினை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, நீர், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மறுபடி நீர் என்று வடிநீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவிய பிறகே மாதிரிக்குக் கொடுக்க வேண்டும்.

லைசின், ஹிஸ்டிடின், குளுட்டமேட் மட்டும் வால்நீண்டு, அலனினும் வாலினும் ஒழுங்காக இருந்தால் டெரிவடைசேஷனைத் தொட வேண்டாம். லைனரை மாற்றி, காலத்தின் முன்நுனியில் 10 செமீ வெட்டிவிட்டு, அதே குப்பியை மறுபடி ஏற்றிப் பாருங்கள்.